எந்த அரசிடம் கேட்பது? மத்திய, மாநில, உள்ளாட்சி உறவு பற்றிச் செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்து மக்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குச் சிவகங்கை புறப்படும் முன் என்னிடம் வந்து அமர்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது யார் பொறுப்பு?" என்பதைத்தான். தவறான அலுவலகத்துக்குப் போன மனு, "உரிய துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டது" என்ற ஒரு வரிப் பதிலோடு முடிந்துவிடுகிறது. மனுதாரரும் அத்துடன் சோர்ந்துவிடுகிறார். அந்தச் சோர்வைக் கண்டு கண்டு வருந்தியதால், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

படிக்கும்போது மூன்றைத் தனித்தனியே பிரித்துப் பாருங்கள்: சட்டம் இயற்றும் அதிகாரம் யாருடையது, பணம் யாருடையது, வேலை செய்யும் ஆள் யாருக்குக் கீழ்ப்பட்டவர். இந்த மூன்றும் ஒரே அரசிடம் இருக்கும் என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

1. கூட்டாட்சி என்கிறார்களே, டெல்லி சொல்வதைச் சென்னை கேட்பதுதானே அது?

அப்படியல்ல. மத்திய அரசு தன் அதிகாரத்தை எங்கிருந்து பெறுகிறதோ, அதே அரசமைப்புச் சட்டத்திலிருந்துதான் மாநில அரசும் தன் அதிகாரத்தைப் பெறுகிறது. ஒன்று கொடுத்து மற்றொன்று வாங்கியது இல்லை. ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. பாதுகாப்பு, ரயில்வே, அஞ்சல், நாணயம் போன்றவை மத்தியப் பட்டியலிலும், காவல், பொதுச் சுகாதாரம், வேளாண்மை, உள்ளாட்சி போன்றவை மாநிலப் பட்டியலிலும், இருவரும் சட்டம் இயற்றக்கூடியவை பொதுப் பட்டியலிலும் இருக்கின்றன. 1950இல் இவற்றில் முறையே 97, 66, 47 இனங்கள் இருந்தன.

ஆனால் தராசு சமமாக நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. பொதுப் பட்டியலில் இரு சட்டங்கள் முரண்பட்டால் பொதுவாக மத்தியச் சட்டமே நிற்கும். எந்தப் பட்டியலிலும் இல்லாத எஞ்சிய அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே சேரும். 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் கல்வி, காடுகள் உள்ளிட்ட ஐந்து இனங்களை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் வைத்தது. காரைக்குடியில் இதன் விளைவைக் கண்ணாலேயே காணலாம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் முழுக்க மத்திய அரசின் நிறுவனம். அதே ஊரில் 1985இல் மாநிலச் சட்டத்தால் அமைந்த அழகப்பா பல்கலைக்கழகம் மாநிலத்துடையது. ஆயினும் ஆசிரியர் தகுதி முதலிய பலவற்றில் டெல்லியிலுள்ள பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளை ஒட்டியே அது நடக்க வேண்டியிருக்கிறது.

2. "மத்திய அரசு" என்பது சரியா, "ஒன்றிய அரசு" என்பது சரியா? எங்களுக்கு ஒன்றியம் என்றால் சாக்கோட்டை ஒன்றிய அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது.

அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. அதனால் தமிழ்நாடு அரசு 2021 முதல் "ஒன்றிய அரசு" என்று எழுதி வருகிறது. "மத்திய அரசு" என்பது நெடுங்காலப் பேச்சு வழக்கு. இரண்டும் ஒரே அரசைத்தான் குறிக்கும். ஊராட்சி ஒன்றியம் என்பது வேறு. பல ஊராட்சிகள் சேர்ந்த வட்டார அமைப்பு அது, சிவகங்கை மாவட்டத்தில் அத்தகையவை 12 உள்ளன. மனுவில் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக நான் இங்கே "மத்திய அரசு" என்றே எழுதுகிறேன்.

3. ஊராட்சியும் நகராட்சியும் மூன்றாவது அரசா, அல்லது மாநில அரசின் கிளை அலுவலகமா?

இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்பதே நேர்மையான பதில். 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆவது திருத்தங்களுக்குப் பிறகு உள்ளாட்சி அமைப்புகளை ஒரு மாநிலம் நினைத்தால் ஒழித்துவிட முடியாது. ஐந்து ஆண்டுப் பதவிக்காலம், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர்க்கும் இடஒதுக்கீடு ஆகிய எல்லாம் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டன. பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கைத் தமிழ்நாடு 2016இல் பாதியாக உயர்த்தியது.

ஆனால் உள்ளாட்சிக்கென்று நான்காவது பட்டியல் கிடையாது. ஊராட்சிகளுக்கு 29 இனங்களும் நகர அமைப்புகளுக்கு 18 இனங்களும் அட்டவணைகளில் சொல்லப்பட்டிருந்தாலும், அவற்றை மாநிலச் சட்டமன்றம் "வழங்கலாம்" என்றுதான் இருக்கிறது, "வழங்க வேண்டும்" என்று இல்லை. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் எதைக் கொடுத்ததோ அதுதான் ஊராட்சியின் அதிகாரம். அட்டவணையில் கல்வியும் சுகாதாரமும் இருக்கின்றன; நடைமுறையில் ஊர்ப் பள்ளி ஆசிரியரும் செவிலியரும் துறைக்குக் கீழ்ப்பட்டவர்கள், தலைவருக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்லர். இந்த ஒரு "லாம்" என்ற விகுதி கீழே வரும் பல பதில்களுக்கு அடிப்படை என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஊருணி, கண்மாய், கோயில் தெப்பக்குளம் மூன்றிலும் இருப்பது தண்ணீர்தானே? ஏன் மூன்று அலுவலகத்துக்கு அலைய வேண்டும்?

என்னிடம் வரும் மனுக்களில் மிக அதிகமானவை இதைப் பற்றியவை. தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. காவிரி போன்ற மாநிலங்களுக்கு இடையிலான ஆறுகளில் மட்டும் நாடாளுமன்றம் தலையிடலாம். எனவே நம் ஊர்த் தண்ணீர்ச் சிக்கல்களில் டெல்லிக்கு நேரடி வேலை குறைவு. மாநிலத்துக்குள்தான் பிரிவினை இருக்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். குடிநீர் ஊருணி ஊருக்குள் ஊராட்சியின் பொறுப்பு, நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சியின் பொறுப்பு. தெப்பக்குளம் அந்தக் கோயிலின் நிர்வாகத்தைச் சேர்ந்தது. நகரத்தார் அறங்காவலர்கள் நடத்தும் கோயிலானால் அவர்களிடமும், அறநிலையத் துறையின் நேரடி நிர்வாகத்தில் உள்ள கோயிலானால் செயல் அலுவலரிடமும் போக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் நிலத்தின் பதிவேடு வருவாய்த் துறையிடம் இருக்கிறது. ஆகவே மனு எழுதும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்ற நிலக் கணக்கேட்டையும் புல எண்ணையும் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

தூர்வாரும்போது இன்னொரு கதவு திறக்கிறது. வண்டல், கிராவல் போன்றவை சிறு கனிமங்கள். 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் மத்தியச் சட்டம். அது சிறு கனிமங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்துள்ளது. தமிழ்நாடு தன் விதிகளை 1959இல் வகுத்தது. உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வண்டலைக் கட்டணமின்றி எடுக்க அந்த விதிகளில் வழி உண்டு, ஆனால் முன் அனுமதி வேண்டும். ஊர்க் கண்மாய்தானே என்று அனுமதியின்றி அள்ளியவர்கள் டிராக்டரைப் பறிகொடுத்துவிட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

ஓர் ஊரின் அனுபவத்தைச் சொல்கிறேன். ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டிருந்தது. ஊருணி ஊராட்சியுடையது, வரத்துக்காலின் மேல்பகுதி பெரிய கண்மாயின் கலுங்கிலிருந்து (மிகைநீர் வழியும் இடத்திலிருந்து) தொடங்குவது, நடுப்பகுதியில் ஆக்கிரமிப்பு. ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதியதால் ஒவ்வோர் அலுவலகமும் மற்றதைக் கைகாட்டியது. பிறகு மூன்று மனுக்களாகப் பிரித்தோம். துறைக் கண்மாய்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதைக் குறிப்பிட்டு ஒன்று, ஊராட்சித் தீர்மானத்தோடு ஒன்று, நில அளவை கேட்டு வட்டாட்சியருக்கு ஒன்று. அதன் பிறகுதான் அளவைச் சங்கிலி ஊருக்குள் வந்தது. நம் முன்னோர் ஊர் அமைக்கும்போதே ஓட்டு நீரும் தெரு நீரும் ஊருணியில் சேரும்படி வாட்டம் பார்த்து அமைத்தார்கள். அந்த ஒற்றை நீரோட்டத்தை நாம் இத்தனை கோப்புகளாகத் துண்டு போட்டிருக்கிறோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

5. சாலையில் குழி விழுந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?

சாலையின் வகையைப் பாருங்கள். திருமயத்திலிருந்து காரைக்குடி வழியாக இராமநாதபுரம் செல்லும் 536ஆம் எண் சாலை தேசிய நெடுஞ்சாலை. மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை ஆகியவை மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. ஊர்களை இணைக்கும் சாலை ஊராட்சி ஒன்றியத்துடையது. தெரு ஊராட்சியுடையது அல்லது மாநகராட்சியுடையது. ரயில்வே கடவைப்பாதையின் கதவுகளுக்கு உட்பட்ட பகுதி மட்டும் ரயில்வேக்கு உரியது.

6. எம்.பி. பெரியவர்தானே? அவரிடம் கொடுத்தால் தெருக்குழாய் வராதா?

எம்.பி. நாடாளுமன்றத்தில் நம் பிரதிநிதி. தெருக்குழாய் போடும் பொறியாளர் அவருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்த் தொகுதி நிதியில் அவரும், 3 கோடி ரூபாய் நிதியில் எம்.எல்.ஏ.வும் பணிகளைப் பரிந்துரைக்கலாம். நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சியும்தான். ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் சேர்த்து அந்த 5 கோடி என்பதையும் எண்ணிப் பாருங்கள். குழாய்க்குக் கவுன்சிலரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ போங்கள். ரயில் நிறுத்தத்துக்கு எம்.பி.யிடம் போங்கள்.

7. வீட்டு வரியைக் கூட்டியது மாநகராட்சியா, சென்னையா, டெல்லியா? பூட்டிக் கிடக்கும் வளவு வீட்டுக்கு இத்தனை வரியா?

கேட்பு நோட்டீசில் கையெழுத்து மாநகராட்சியுடையது. விகிதத்தின் வரம்பை வகுத்தது மாநில அரசு. 2022 ஏப்ரலில், பரப்பளவு கூடக் கூட உயர்வும் கூடும் வகையில் பொதுச் சீராய்வு அறிவிக்கப்பட்டது. அதற்கு மாநில அரசு சொன்ன காரணங்களுள் ஒன்று, மத்திய வரிப் பணத்தின் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை. சொத்து வரிக்கு அடிமட்ட விகிதம் அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வருவாயை உயர்த்தினால்தான் நகர அமைப்புகளுக்கு மத்திய மானியம் கிடைக்கும் என்றது அக்குழு. ஆக, ஒரே நோட்டீசில் மூன்று அரசுகளின் கையும் இருக்கிறது.

நம் பகுதிக்கு இதில் தனி வலி உண்டு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் வீட்டுக்குப் பரப்பளவு அதிகம். அதில் குடியிருப்பவரோ ஒருவர் அல்லது எவருமில்லை. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பரப்பை மட்டும் பார்க்கும் வரி முறை இந்த வீடுகளுக்குப் பொருந்தவில்லை என்றே நான் கருதுகிறேன். இதைச் சீர்செய்யும் அதிகாரம் மாநிலத்திடம் உள்ளது. ஆகவே மன்றத் தீர்மானத்தோடு சென்னைக்கு எழுதுவதே வழி. மதிப்பீட்டில் அளவுப் பிழை இருந்தால் மட்டும் ஆணையரிடம் முறையிட்டால் போதும்.

தொழில் வரி பற்றியும் கேட்கிறார்கள். அதை வசூலிப்பது உள்ளாட்சி. ஆனால் ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்ற உச்சவரம்பு அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது உறுப்பிலேயே இருக்கிறது.

8. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் விற்றால் கட்டும் ஜிஎஸ்டி யாருக்குப் போகிறது?

காரைக்குடிக்காரர் மதுரைக்காரருக்கு விற்றால் வரியில் பாதி மத்திய அரசுக்கும் பாதி தமிழ்நாட்டுக்கும் சேரும். பெங்களூருக்கு அனுப்பினால் மாநிலப் பங்கு, பொருளை நுகரும் கர்நாடகத்துக்குச் சேரும். செய்து அனுப்பும் மாநிலத்துக்கு இல்லை. உற்பத்தி அதிகமுள்ள தமிழ்நாடு 2017க்கு முன் இதற்காகவே தயங்கியது.

வரி விகிதத்தைப் பேசி முடிப்பது ஜிஎஸ்டி மன்றம். அதில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மத்திய அரசு இசையாமல் எதுவும் நிறைவேறாது, மாநிலங்கள் பெருமளவில் சேராமலும் நிறைவேறாது. மன்றத்தின் பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டாயம் கட்டுப்படுத்தா என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. உள்ளாட்சிக்கு அந்த மன்றத்தில் இருக்கை கிடையாது.

9. நாம் டெல்லிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் எத்தனை பைசா திரும்பி வருகிறது?

மேடைகளில் சொல்லப்படும் பைசாக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நிறுவனத்தின் வருமான வரி, அதன் தலைமையிடம் இருக்கும் மாநிலத்தின் கணக்கில் ஏறுவதால், "நாம் கொடுத்தது" என்பதையே துல்லியமாக அளக்க முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது பங்கீட்டின் விகிதத்தை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அமைக்கப்படும் நிதிக்குழு இரண்டைச் சொல்கிறது: மத்திய வரிகளில் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் எவ்வளவு, அதில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15ஆவது குழு முதலாவதை 41 சதவீதம் என்றும், அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம் என்றும் வகுத்தது. 13ஆவது குழுவில் நம் பங்கு 4.969 சதவீதமாக இருந்தது.

ஏன் குறைந்தது? 15ஆவது குழுவின் அளவுகோலில் வருமான இடைவெளிக்கு மட்டும் 45 சதவீத எடை. மக்களின் வருமானம் குறைந்த மாநிலத்துக்குக் கூடுதலாகப் போகும். ஏழை மாநிலத்துக்கு வளமான மாநிலம் கைகொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே நாட்டில் இருப்பதன் பொருளே அதுதான். எனக்கு மனத்தாங்கல் வேறிடத்தில் உள்ளது. செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் கூடுதல் வரியாக வசூலிக்கப்படுபவை பங்கீட்டுத் தொகுப்பிலேயே சேர்வதில்லை. 41 சதவீதம் என்பது முழு வசூலின் 41 சதவீதம் இல்லை என்பதை மக்கள் அறிய வேண்டும்.

10. ஊராட்சித் தேர்தல் நடத்தாவிட்டால் மத்திய நிதி நின்றுவிடும் என்பது உண்மையா?

உண்மைதான், நாமே அனுபவித்தோம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்காததால், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாத காலத்துக்கான நிதிக்குழு மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2019 டிசம்பரில்தான் சிவகங்கை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் நாள் முடிந்து, மீண்டும் அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 3ஆம் பதிலில் சொன்ன ஐந்தாண்டு விதி எழுத்தில் எவ்வளவு கண்டிப்பானதோ, நடப்பில் அவ்வளவு நெகிழ்ந்துவிட்டது.

வந்த மானியத்தையும் ஊராட்சி விரும்பியபடி செலவிட முடியாது. 15ஆவது குழுவின் ஊரக மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. எஞ்சிய 40 சதவீதத்தில்தான் ஊரின் விருப்பத்துக்கு இடம்.

11. நூறு நாள் வேலைக்கான கூலி வரவில்லை. ஊராட்சித் தலைவர்தானே காரணம்?

பெரும்பாலும் இல்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உடல் உழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் பணம்; பொருட்செலவில் நான்கில் ஒரு பங்கு மாநிலத்துடையது. வருகைப் பதிவும் வேலைத் தேர்வும் ஊராட்சியில் நடந்தன. கூலியோ டெல்லியிலிருந்து நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது. பதிவேட்டில் உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் ஊராட்சியைக் கேளுங்கள். பெயர் இருந்தும் பணம் வராவிட்டால் தலைவரைத் திட்டிப் பயனில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுச் சட்டம் நாள்களை 125 ஆக்கி, செலவில் 40 சதவீதத்தை நம்மைப் போன்ற மாநிலங்களின் தலையில் வைத்தது. சட்டம் ஒருவருடையது, செலவு இன்னொருவருடையது என்ற நிலைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம்.

இன்னொரு கோணமும் உண்டு. காரைக்குடி 2024 ஆகஸ்டில் மாநகராட்சியானபோது, கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் உள்ளிட்ட சில ஊராட்சிகளும் அதில் சேர்க்கப்பட்டன. எல்லையை மாற்றியது மாநில அரசு. ஊரகத் திட்டமாகையால் வேலை உரிமையை இழப்பவர்கள் அந்த ஊராட்சி மக்கள். அவர்களின் எதிர்ப்பை வளர்ச்சிக்கு எதிரானது என்று சிலர் ஏளனமாகப் பேசியது சரியில்லை.

12. கலெக்டர் டெல்லி அதிகாரியா, சென்னை அதிகாரியா?

தேர்வு செய்வது மத்தியத் தேர்வாணையம், பணியமர்த்துவது குடியரசுத் தலைவர், இடம் ஒதுக்குவதும் சம்பளம் தருவதும் மாநில அரசு. மாநில அரசு அவரை இடமாற்றலாம், தற்காலிகப் பணிநீக்கம் செய்யலாம், நிரந்தரமாக நீக்க முடியாது. இரு அரசுகளுக்கும் பொதுவான இத்தகைய பணியை 312ஆவது உறுப்பு அனுமதிக்கிறது. ஊராட்சிகளுக்கு அவரே ஆய்வாளரும் ஆவார். ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவின்படி, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவரை, உரிய நடைமுறைக்குப் பின், அவரால் பதவியிலிருந்து நீக்க முடியும்.

13. சிராவயல் மஞ்சுவிரட்டைத் தடுத்தது மத்தியச் சட்டம், மீட்டது மாநிலச் சட்டம். அப்படியானால் எது பெரிது?

1ஆம் பதிலில் "பொதுவாக" என்ற சொல்லைப் போட்டது இதற்காகத்தான். விலங்கு வதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் உள்ளது. 1960ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் அடிப்படையில் உச்ச நீதிமன்றம் 2014 மே மாதத்தில் தடை விதித்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு அந்த மத்தியச் சட்டத்துக்கே தன் மாநிலத்தளவில் திருத்தம் இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் மத்தியச் சட்டத்தை மீறி நிற்கும் என்கிறது 254ஆவது உறுப்பு. ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே 18 அன்று அதை உறுதி செய்தது.

ஆனால் அந்த ஒப்புதலைத் தருவது மத்திய அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்கும் குடியரசுத் தலைவர் என்பதை மறக்கக் கூடாது. தொழுவத்தின் கதவு மாநிலத்தில் இருந்தாலும் அதன் தாழ்ப்பாள் டெல்லியில்தான் இருக்கிறது.

14. செட்டிநாடு யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதே, பழைய வீடுகளை இடித்துத் தேக்குத் தூண்களை விற்பதை மத்திய அரசு ஏன் தடுக்கவில்லை?

2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் சேர்ந்தது முதற்கட்டப் பட்டியலில். உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்படவில்லை. பரிந்துரை அனுப்பும் உரிமை நாட்டின் அரசுக்கே உண்டு என்பதால் அந்தக் கதவு டெல்லியுடையது. இடிப்பதைத் தடுக்கும் அதிகாரம் வேறு. தேசிய முக்கியத்துவம் பெற்றதாக அறிவிக்கப்பட்ட சின்னங்கள் மட்டும் மத்தியத் தொல்லியல் துறையின் கீழ் வரும். திருமயம் கோட்டை அப்படிப்பட்டது. குடும்பங்கள் வாழ்ந்த தனியார் வீடுகள் அந்த வரிசையில் இல்லை. மாநிலத்தில் 2012ஆம் ஆண்டின் பாரம்பரிய ஆணையச் சட்டம் உண்டு; அதன் வழி பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட்டால்தான் பாதுகாப்பு. கட்டட அனுமதி தருவது உள்ளாட்சியும் நகர ஊரமைப்புத் துறையும்.

பொருள்களுக்கு இன்னொரு சட்டம். நூறு ஆண்டைக் கடந்த சிற்பம், ஓவியம் போன்ற தொல்பொருளை 1972ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படித் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. உள்நாட்டில் கதவையும் நிலையையும் கழற்றி விற்பதை அது பொதுவாகத் தடுப்பதில்லை. காரைக்குடிப் பழம்பொருள் கடைத்தெருவில் ஒரு வீட்டின் நிலைவாசல் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும் போதெல்லாம் மனம் கனக்கிறது. ஆனால் பங்காளிகள் மேல் மட்டும் பழி போட என்னால் முடியவில்லை. கானாடுகாத்தான் பேரூராட்சியோ பள்ளத்தூர் பேரூராட்சியோ பாரம்பரிய வீட்டுக்கு வரிச் சலுகை தர விரும்பினாலும், 7ஆம் பதிலில் கண்டபடி, அதற்கான சட்டம் சென்னையில் இருக்கிறது. ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் செலவாகும் வீட்டுக்காரருக்கு எந்த அரசும் கைகொடுக்காமல், இடிக்காதே என்று மட்டும் சொல்வது நியாயமாகாது.

15. காரைக்குடியைத் தனி மாவட்டமாக்க டெல்லியின் அனுமதி வேண்டுமா?

வேண்டாம். மாவட்டத்தைப் பிரிப்பது மாநில அரசின் அதிகாரம். 1985இல் இராமநாதபுரத்திலிருந்து சிவகங்கை பிரிந்ததும் அப்படித்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நெருங்கும்போது எல்லைகளை மாற்றக் கூடாது என்று மத்திய அரசு தடை வைக்கும். அந்த அளவில் மட்டும் டெல்லி குறுக்கே வரும். மாநிலத்தையே பிரிப்பது வேறு: 3ஆவது உறுப்பின்படி நாடாளுமன்றமே செய்யலாம், சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை.

நம் பகுதி அரசியல் எல்லைகளுக்குள் அடங்கியதே இல்லை. 1948 மார்ச் வரை இராயவரமும் கோனாப்பட்டும் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தன, காரைக்குடியும் தேவகோட்டையும் சென்னை மாகாணத்தில் இருந்தன. நகரத்தாரின் கொண்டு கொடுத்த உறவும், அவர்களின் குலப் பிரிவுகளுக்குரிய ஒன்பது நகரக் கோயில்களின் கட்டும் அந்த எல்லையைப் பொருட்படுத்தவில்லை. இன்றும் செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் இருப்பதால், பாரம்பரியப் பாதுகாப்புக்கு இரு ஆட்சியர்களிடமும் மனு கொடுக்க வேண்டியிருக்கிறது.

16. மாநில சுயாட்சி கேட்பவர்கள் ஊராட்சிக்கு அதே சுயாட்சியைக் கொடுக்கிறார்களா?

போதுமான அளவு கொடுக்கவில்லை என்பதே என் கருத்து. இதை எந்த ஒரு கட்சியை மனத்தில் வைத்தும் சொல்லவில்லை. 1969இல் மத்திய, மாநில உறவை ஆராய இராஜமன்னார் குழுவை அமைத்து, 1974இல் சட்டமன்றத்தில் சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றி, 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழுவை அமைத்த மாநிலம் இது. அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் டெல்லியிடம் நாம் வைக்கும் ஒவ்வொரு குறையையும், நிதியை நிபந்தனையோடு தருவது, அதிகாரியை மேலிருந்து அனுப்புவது, தேர்ந்தெடுக்கப்பட்டவரை நியமிக்கப்பட்டவர் கட்டுப்படுத்துவது ஆகியவற்றை, ஓர் ஊராட்சித் தலைவர் அப்படியே சென்னையிடம் வைக்க முடியும். கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கித் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அதே அரசமைப்புச் சட்டத்தின் கீழ்தான், அதே "வழங்கலாம்" என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான்.

மக்கள் கையில் இருப்பது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படாத பேச்சு மறுநாள் இருக்காது. எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.

17. இவ்வளவு படித்தும் என் சிக்கல் யாருடையது என்று தெரியவில்லை. என்ன செய்வது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவைப் பயன்படுத்துங்கள். 10 ரூபாய்க் கட்டணத்துடன், "இந்தப் புல எண்ணிலுள்ள வரத்துக்காலைப் பராமரிக்கும் பொறுப்பு எந்த அலுவலகத்துடையது?" என்று உங்களுக்குத் தோன்றும் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அது தன் பொறுப்பு இல்லையென்றால், ஐந்து நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, மாற்றிய விவரத்தை உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கடிதம் கைக்கு வந்ததும், அதன் நகலை இணைத்து உண்மையான மனுவை எழுதலாம். தபாலின் ஒப்புகைச் சீட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.